தேயிலை இறங்கிய மலையில் ஏறும் ஜீப்

வெம்பக்கோட்டைக் கரிசலில் இருந்து கொழுக்குமலை உச்சி வரை: ஃபோர் வீல் வண்டி வாங்கியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மலைத்தடத்தின் கதை

தீபாவளி முடிந்த கையோடு பட்டாசு ஆலைகள் கதவடைக்கும். பூஜை போட்டு மறுபடி வேலை தொடங்கும்வரை கிடைக்கும் அந்தச் சில வாரங்கள்தான் சிவகாசி வட்டாரத்துக்குச் சுற்றுலாக் காலம். முன்பெல்லாம் வேன் பிடித்துக் குற்றாலம், கொடைக்கானல், திருச்செந்தூர் என்று போய் வருவார்கள். இப்போது சிவகாசி, ராஜபாளையம் தெருக்களில் மஹிந்திரா தார், ஜிம்னி, கூர்க்கா என்று உயரமான சக்கரத்தில் நிற்கும் வண்டிகள் கண்ணில் படுகின்றன. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி. நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற கம்பி அது. வாங்கியவர்களில் பலருக்கு அதைத் தொடுகிற தேவையே வந்ததில்லை. ஐப்பசி மழையில் கரிசல் சேற்றில் சக்கரம் புதைந்தால் ஒழிய, வெம்பக்கோட்டைப் பக்கம் அதற்கு வேலை கிடையாது.

வேலை வைக்கிற மலை என்னவோ கண்ணெதிரேதான் இருக்கிறது. மழை விட்ட காலையில் வெம்பக்கோட்டை அணைக்கரையில் நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீலமாகத் தெரியும். இங்கிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் அடிவாரம். ஆனால் அந்த மலையில் வண்டி ஏறுகிற பாதை எங்கே என்று கேட்டால், வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிய வேண்டியதுதான்.

தெற்கே செங்கோட்டை. அங்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை. சற்று வடக்கே பண்பொழி, மேக்கரை வழியாக அச்சன்கோவில் போகும் காட்டுச் சாலை. வடக்கே கம்பம் பள்ளத்தாக்கின் கோடியில் குமுளிச் சாலை. அச்சன்கோவில் சாலைக்கும் குமுளிச் சாலைக்கும் நடுவே வாசுதேவநல்லூர், சிவகிரி, சேத்தூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று அடிவாரத்தில் ஊர் ஊராக இருக்கிறது. மலையைத் தாண்டுகிற மோட்டார் சாலை ஒன்றுகூடக் கிடையாது.

ஆற்றோடு வந்த வணிகம்

சாலை இல்லை என்பதால் தொடர்பே இல்லாமல் போய்விடவில்லை. தொடர்ச்சி மலையில் பிறந்து, வெம்பக்கோட்டையைத் தொட்டு, மன்னார் வளைகுடாவில் கலக்கிறது வைப்பாறு. அதன் வடகரையில் விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் மண்ணைத் தோண்டத் தொடங்கியது. முதல் கட்டத்தில் மட்டும் 3,254 தொல்பொருள்கள் கிடைத்தன. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள், சுடுமண் பொம்மைகள், தந்தத்தில் செய்த பொருள்கள் என்று பட்டியல் நீண்டது. சங்கு கிழக்கே கடலிலிருந்து வந்திருக்க வேண்டும். தந்தம் தரும் யானை மேற்கே மலையில் நின்றது. சூதுபவளக் கல்லோ இன்னும் தொலைவிலிருந்து கைமாறி வந்த சரக்கு. கரிசல் காட்டு ஊர் ஒன்று கடலோடும் மலையோடும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைத்த இயற்கை வாசல்களில் செங்கோட்டைக் கணவாய் ஒன்று. பொதிமாடு போன அந்த வழியில் 1904-ல் ரயிலே போனது. கழுதுருட்டியில் நிற்கும் பதிமூன்று கண் பாலம் அந்தக் காலத்து வேலை. கணவாய் இருந்த இடத்தில் சாலை வந்தது, ரயில் வந்தது. ஃபோர் வீல் தேவையற்றுப் போனது. கணவாய் இல்லாத இடத்தில் காடு காடாகவே நின்றது. 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021 பிப்ரவரியில் மேகமலையும் சேர்ந்து நாட்டின் 51-வது புலிகள் காப்பகம் ஆனது. சதுரகிரிக்குப் போகிற பக்தர்கூடத் தாணிப்பாறையில் வண்டியை விட்டுவிட்டு நடந்துதான் ஏற வேண்டும். அந்தக் காட்டுக்குள் நினைத்தபடி ஜீப் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

அந்த மலையை யார் தாராளமாகக் கடக்கிறார்கள் என்பதை 2023-ல் எல்லோரும் பார்த்தோம். சின்னக்கானலில் ஏப்ரல் 29 அன்று பிடிபட்ட ‘அரிக்கொம்பன்’ யானையைப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது மேகமலைத் தோட்டங்களுக்குள் வந்து, மே மாதக் கடைசியில் கம்பம் தெருக்களிலேயே ஓடியது. ஜூனில் தமிழக வனத்துறை மறுபடி மயக்க ஊசி போட்டு, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு லாரியில் ஏற்றி அனுப்பியது.

மூடிய சாலை, திறந்த தடம்

அப்படியானால் ஃபோர் வீல் கம்பியை உண்மையாகவே பயன்படுத்துகிற, வரலாறும் உள்ள மலைத்தடம் எது? கொடைக்கானல்காரர்கள் உடனே பேரிஜம் சாலையைச் சொல்வார்கள். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி, வந்தரவு மலை, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறு போன சாலை அது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டபோது சென்னையே பாதி காலியானது. எதிரி கரையிறங்கினால் மலை வழியாகக் கொச்சிப் பக்கம் தப்பிப்பதற்கான வழி என்று பேசப்பட்டதால், அந்தச் சாலைக்கு ‘எஸ்கேப் ரோடு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1990 வாக்கில் அதை மூடினார்கள். இன்று பேரிஜம் ஏரி வரைக்கும்தான், அதுவும் வனத்துறை அனுமதிச் சீட்டோடுதான் போக முடியும். அதற்கப்பால் சாலையைச் சோலைக்காடு விழுங்கிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியானாலும் பேரிஜம் ஏரிக்கு இந்தப் பக்கம்தான்.

திறந்திருப்பது கொழுக்குமலைத் தடம். தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தில், ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் இருக்கிற தேயிலைத் தோட்டம் அது. உலகிலேயே மிக உயரத்தில் விளைகிற தேயிலைகளில் ஒன்று என்று பெருமை பேசுவார்கள். நிலம் தமிழ்நாட்டில், வண்டி போகிற ஒரே பாதை கேரளத்தின் சூரியநெல்லியில் தொடங்குகிறது. 1956-ல் மொழிவழி மாநிலம் பிரிந்தபோது செங்கோட்டை நமக்கு வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. எல்லைக் கோடு மலைமுகட்டில் விழுந்தது. தமிழ்நாட்டுச் சரிவு செங்குத்து. கேரளச் சரிவு தோட்டம் தோட்டமாகப் படி இறங்குகிறது. அதனால் தமிழ்நாட்டின் ஓர் ஊருக்கு ஜீப்பில் போக வேண்டுமானால் அடுத்த மாநிலத்துக்குள் போய்ச் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது.

வெம்பக்கோட்டையிலிருந்து போகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி என்று வடக்கே ஏறி, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டித் தேனி வழியாகப் போடி சேரலாம். வழிநெடுக இடதுகைப் பக்கம் மலை கூடவே வரும். போடியில் ஏலக்காய் மணம் மூக்கைத் தொடும். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின் ஏலம் நடக்கிற ஊர் இது. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு, மாநில எல்லை. பூப்பாறை, சின்னக்கானல் தாண்டிச் சூரியநெல்லி. சூரியநெல்லிக் கடைத்தெருவில் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். பலகை மட்டும் மலையாளம்.

மோனோ ரயில், கம்பிவடம், மாட்டுவண்டி

கொழுக்குமலை உச்சியில் நின்று கிழக்கே எட்டிப் பார்த்தால் காலடியில் குரங்கணியும் கொட்டகுடியும் தெரியும். சற்று வடக்கே டாப் ஸ்டேஷன். நூறு வருடங்களுக்கு முன் இந்தச் சரிவுதான் மூணாறுத் தேயிலையின் ஏற்றுமதி வாசல்.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். சின்கோனா, காப்பி எல்லாம் போட்டுப் பார்த்துக் கடைசியில் தேயிலை நிலைத்தது. விளைந்ததை வெளியே கொண்டுபோவது எப்படி? மேற்கே கொச்சிப் பக்கம் அடர்ந்த காடு. கிழக்கே போடிப் பக்கம் செங்குத்து. 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மோனோ ரயில் போட்டார்கள். அதை இழுத்தவை காளைகள். 1908-ல் அதையே இரண்டடி அகலக் குறுகிய ரயில்பாதையாக மாற்றி நீராவி எஞ்சின் ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷனில் பெட்டிகளை இறக்கி, கம்பிவடத்தில் தொங்கவிட்டு சுமார் ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து போடிக்கு மாட்டுவண்டி. போடிக்கு அன்று ரயில் கிடையாது, வந்தது 1928-ல்தான். பிறகு கப்பல் ஏறி இங்கிலாந்து.

மலையின் தலையில் டாப் ஸ்டேஷன், காலடியில் பாட்டம் ஸ்டேஷன், நடுவே சென்ட்ரல் ஸ்டேஷன். இன்றும் குரங்கணிப் பக்கம் ‘சென்ட்ரல்’ என்றால் ரயில் நிலையம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். மலை நடுவே இருக்கிற குடியிருப்பைத்தான் சொல்வார்கள். 1924 ஜூலை வெள்ளம் மூணாறு ரயிலைத் தண்டவாளத்தோடு அடித்துப் போனது. திரும்ப யாரும் போடவில்லை. ரயில் போன தடத்தின் பெரும்பகுதி இன்று கார் போகிற சாலை.

இந்த வரலாற்றில் பெயர் வராதவர்கள் இரண்டு கூட்டம். ஒன்று, மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் பூர்வீகம் சொல்கிற முதுவர். தோட்டம் வருமுன்பே இந்த மலையின் ஒற்றையடிப் பாதைகளை அறிந்தவர்கள் அவர்கள்தான். துரைமார் கண்டுபிடித்ததாக எழுதிவைத்த வழிகளில் பல, முதுவர் குடிகளுக்கிடையே நடந்து நடந்து பதிந்தவை. இன்னொன்று, கீழ்நாட்டுத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணி அழைத்துப் போன கூலிக் குடும்பங்கள். ரயிலும் கம்பிவடமும் எட்டாத தோட்டங்களுக்கு அரிசி மூட்டையும் தேயிலைச் சிப்பமும் இவர்கள் தலையில்தான் ஏறி இறங்கின. கொழுக்குமலையும் ரயில் எட்டாத தோட்டம்தான்: தோட்டமும் ஆலையும் அமைந்தது 1930-களில். அதாவது ரயில் அழிந்த பிறகு.

பெட்டியை ஆட்டுகிற பாதை

சூரியநெல்லியில் விடியற்காலை நான்கு மணிக்கே ஜீப்புகள் வரிசை கட்டுகின்றன. சொந்த வண்டியில் வந்தவர்கள் அதை இங்கேயே நிறுத்திவிட வேண்டும். தாராக இருந்தாலும் சரி, வேறு எதுவாக இருந்தாலும் சரி, மேலே அனுமதி உள்ளூர் ஜீப்புக்கும் உள்ளூர் ஓட்டுநருக்கும்தான். இடுக்கி மாவட்டச் சுற்றுலாக் கழகம் நெறிப்படுத்துகிற ஓட்டம். ஜீப்புக்கு மொத்தக் கட்டணம். ஒரு வண்டியில் ஆறு பேர். ஓடுபவை பெரும்பாலும் பழைய மஹிந்திரா கமாண்டர், மேஜர் ரகம். கேன்வாஸ் கூரை, இரும்பு இருக்கை, கைப்பிடிக் கம்பியில் பெயின்ட் தேய்ந்து வெள்ளி தெரிகிறது. எந்தக் கை எங்கே பிடிக்க வேண்டும் என்பதை அந்தத் தேய்மானமே காட்டிக் கொடுத்துவிடும்.

கடைத்தெரு தாண்டிக் கொஞ்ச தூரம் தார்ச்சாலை. பிறகு தோட்டத்து வாயில். அங்கிருந்து சாலை என்று சொல்வதற்கு எதுவும் இல்லை. கருங்கல்லை உடைத்துப் பரப்பிய தடம். மழை மண்ணை அரித்துக்கொண்டு போக, கல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம் போக ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகிறது. நடப்பவர்களைவிடக் கொஞ்சம்தான் வேகம். முதல் பாறைப் படியில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தாமலே குட்டிக் கம்பியைத் தள்ளமாட்டார். நிறுத்தி, கிளட்ச் மிதித்து, ‘லோ’ போட்டு, முதல் கியரில் ஊர விடுவார். ஆக்ஸிலரேட்டரில் கால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். எஞ்சின் உறுமாமல் முனகிக்கொண்டே ஏறும்.

முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கும்போது பெட்டி இடது பக்கம் சாயும். பயணிகள் எல்லோரும் ‘ஐயோ’ என்று வலது பக்கம் சாய்வார்கள். ஓட்டுநர் சாய மாட்டார். அவர் கண் அடுத்த கல்லில் இல்லை, நாலாவது கல்லில் இருக்கும். எதிரே இறங்குகிற ஜீப் வந்தால் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் ஒதுங்குவார். ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது பெரும்பாடு என்பது இருவருக்கும் தெரியும். நிற்க வேண்டி வந்தால் பின்னால் இருப்பவர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுப்பார். ஹேண்ட் பிரேக்கை நம்பி யாரும் இந்த மலையில் வண்டியை விட்டுப் போவதில்லை.

கம்பி என்ன செய்கிறது?

நான்கு சக்கர இழுவை என்றால் எங்கும் ஏறிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டால் நம்பிக்கை அளவோடு இருக்கும்.

சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் விசை இரண்டு சக்கரத்துக்குப் போகிறது. ‘ஃபோர் ஹை’ போட்டால் நான்குக்கும் பிரிகிறது. சேறு, மணல், ஈரப் புல்லுக்கு அது போதும். ‘ஃபோர் லோ’வில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்கிற இன்னொரு பல்சக்கரப் பெட்டி குறுக்கே வந்து, சக்கரத்தின் வேகத்தை இரண்டு, இரண்டரை மடங்கு குறைக்கிறது. வேகம் குறைந்த அளவுக்கு முறுக்கு கூடுகிறது. அதைவிடப் பெரிய உதவி இறக்கத்தில். முதல் கியரில் லோ போட்டு இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டாம். மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பாதி மலையில் கைவிட்டுவிடும்.

ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் கதை மாறுகிறது. சாதாரண டிஃபரன்ஷியல், எளிதில் சுற்றுகிற சக்கரத்துக்கே விசையைக் கொடுக்கும். தரையில் நிற்கிற சக்கரம் சும்மா இருக்கும். தொங்குகிற சக்கரம் வீணாகச் சுற்றும். அதனால்தான் தேர்ந்த ஓட்டுநர் பள்ளத்தின் நடுவே போக மாட்டார். ஒரு பக்கச் சக்கரத்தைத் திட்டின் மேல் வைத்து, நான்கும் தரையைத் தொடுகிற கோட்டில் போவார். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் ரப்பர் கல்லைக் கவ்விப் பிடிக்கும். மறுபடி காற்றடிக்காமல் நெடுஞ்சாலையில் ஓட்டினால் அதே டயர் சூடாகி வெடிக்கும். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டபடி ஓட்டக் கூடாது. வளைவில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்ற முடியாமல் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று நெரிக்கும்.

மும்பையில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தத் தொடங்கியது 1947-ல். போருக்குப் பிறந்த வண்டி தோட்டத்துக்கு வேலைக்கு வந்து, இடுக்கியிலும் தேனியிலும் வால்பாறையிலும் ஒரு தலைமுறை ஓட்டுநர்களை உருவாக்கியது. மின்னணுச் சாதனம் எதுவும் இல்லாத பழைய வண்டி என்பதால் ஊர்ப் பட்டறையிலேயே எல்லாவற்றையும் பிரித்துப் போட முடியும். விலை உயர்ந்த புது வண்டிகளால் இதை இன்னும் வெல்ல முடியவில்லை என்றால் காரணம் இதுதான்: பழக்கப்பட்ட கை, பழுது பார்க்கிற பட்டறை, தினமும் போகிற தடம்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து லெசோத்தோவுக்கு ஏறும் சானி கணவாய்க்கும் இதே ஜாதகம். கோவேறு கழுதைகள் பொதி சுமந்த தடம். 1948-ல் முதல் ஜீப் ஏறியது. இன்றும் எல்லைக் காவலர்கள் நான்கு சக்கர இழுவை இல்லாத வண்டியை மேலே விடுவதில்லை. அங்கே வண்டிக்குச் சோதனை. கொழுக்குமலையில் வண்டியோடு ஓட்டுகிற ஆளுக்கும் சேர்த்துச் சோதனை. நம் ஏற்பாடுதான் கெட்டிக்காரத்தனம் என்று தோன்றுகிறது. தடத்தைத் தினமும் பார்க்கிறவர் கையில் ஸ்டியரிங் இருக்கிறது. வருகிற பணம் அந்த ஊரிலேயே தங்குகிறது.

உச்சியில்

மேலே ஏறியதும் குளிர் முகத்தில் அறையும். வெம்பக்கோட்டை வெயிலுக்குப் பழகிய உடம்புக்குச் சட்டை மேல் சட்டை போதாது. கிழக்கே தேனிச் சமவெளி முழுக்க மேகத்தில் மூழ்கிக் கிடக்கும். சூரியன் மேகத்துக்கு மேலே எழும்போது வாயைத் திறந்த சிங்கம்போல நீண்டிருக்கும் பாறையில் படம் எடுக்கப் பெருங்கூட்டம். மேற்கே 2,640 மீட்டர் உயர மீசப்புலிமலை. புல்வெளிகளில் வரையாடு மேயும். 2018-ல் இந்தச் சரிவுகளில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் அடுத்து 2030.

பார்க்க வேண்டியது ஆலை. தேயிலையை இன்று பெரும்பாலும் நறுக்கி உருட்டுகிற எந்திரத்தில் குருணையாக்கிவிடுகிறார்கள். நம் டீக்கடைத் தூள் அதுதான். இங்கே பழைய ஆர்த்தடக்ஸ் முறை. பறித்த இலையை மரத்தட்டுகளில் பரப்பி வாட்டுகிறார்கள். வதங்கிய இலை உருட்டும் எந்திரத்தில் முறுக்கேறுகிறது. பிறகு காற்றுப் பட்டுச் செம்பு நிறம் ஏறும்வரை விரித்து வைத்து, சூட்டில் உலர்த்தி, சல்லடையில் தரம் பிரிக்கிறார்கள். மரச்சட்டம் போட்ட பழைய எந்திரங்கள் அசைந்து அசைந்து ஓடுவதைக் கை எட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம். உயரமும் குளிரும் செடியின் வளர்ச்சியை மெதுவாக்குவதால் மணம் கூடுகிறது. பால் ஊற்றிக் கொதிக்கவைத்தால் அந்த மணம் எங்கேயோ போய்விடும். கறுப்பாகவே குடிக்க வேண்டும்.

தீ சொன்ன பாடம்

இந்த மலையைப் பற்றிப் பேசிவிட்டு 2018 மார்ச் 11-ஐச் சொல்லாமல் போக முடியாது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்த மலையேற்றக் குழுவினர் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்கிக்கொண்டிருந்தபோது காய்ந்த புல்வெளியில் தீ சூழ்ந்தது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. குரங்கணி மக்கள் தோள் கொடுத்துத் தூக்கி வந்தார்கள். 23 உயிர் போனது. மார்ச் மாதத்தில் அந்தப் புல் என்ன நிலையில் இருக்கும் என்பது அடிவாரத்துக்காரர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த சங்கதி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அதன்பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் வந்தது. 40 நடைபாதைகள், இணையத்தில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. விருதுநகர் மாவட்டக் காட்டுப் பாதைகளுக்கும் அதில் இடம் உண்டு. தார் வைத்திருக்கிற ராஜபாளையத்துக்காரர் தன் வீட்டு மாடியிலிருந்து பார்க்கிற மலைக்குள் போக வேண்டுமானால் இதுவே நேர் வழி. வண்டி அடிவாரத்தில் நிற்கட்டும்.

போகிறவர்களுக்கு

• கொழுக்குமலைக்கு அக்டோபர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். தென்மேற்கு மழைக் காலத்தில் தடம் வழுக்கும். கோடையில் தீ அபாயம்.

• முந்தைய இரவே சூரியநெல்லி அல்லது சின்னக்கானலில் தங்கி ஜீப்புக்குப் பதிவு செய்துகொள்வது நல்லது. போடிமெட்டுச் சாலையில் இரவு மூடுபனி அடர்த்தி. சின்னக்கானல் யானை நடமாடும் இடம்.

• முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள் இந்தத் தடத்தைத் தவிர்த்துவிட வேண்டும். குலுக்கல் விளையாட்டல்ல.

• சொந்த வண்டியில் காட்டுச் சாலை ஓட்ட ஆசையா? செங்கோட்டையிலிருந்து மேக்கரை, கோட்டைவாசல் வழி அச்சன்கோவில் போகலாம். பொதுச் சாலை, காடு இருபுறமும். மார்கழியில் ஐயப்பன் கோவில் திருவிழாவுக்குத் திருவாபரணப் பெட்டி புனலூரிலிருந்து செங்கோட்டை, தென்காசி வழியாகப் போகும். பகலில் மட்டும் போங்கள், ஹார்ன் அடிக்காதீர்கள், பிளாஸ்டிக் போடாதீர்கள்.

• தடம் இல்லாத இடத்தில் புதுத் தடம் போடாதீர்கள். புல்வெளியில் ஒருமுறை பதிந்த சக்கரச் சுவடு அடுத்த மழையில் ஓடையாகும்.

இன்னொரு ஜீப்

ஃபோர் வீல் கம்பிக்கு வேலை தேடிப் போகிறவர்கள் போடியில் இன்னொரு காட்சியையும் பார்க்க நேரும். இருட்டோடு அங்கே வேறு ஜீப்புகளும் கிளம்புகின்றன. அதே கமாண்டர், அதே கேன்வாஸ் கூரை. உள்ளே இருப்பவர்கள் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள். தூக்குச்சட்டி மடியில், தலையில் துண்டு. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குத் தினம் ஏறி, பொழுது சாய இறங்குகிறார்கள். உட்கார இடம் கிடைத்தவர் மடியில் இன்னொருவர். பின்படியில் தொற்றிக்கொண்டு இரண்டு பேர். வளைவில் ஜீப் கவிழ்ந்து தோட்டத் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்ற செய்தி தேனிக்காரர்களுக்குப் புதிதல்ல. இரண்டு நாள் பேசுவார்கள், ஒரு வாரம் சோதனை நடக்கும், பிறகு பழையபடி.

பட்டாசுக் காட்டில் இருந்து வருகிறவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்று விதி இருந்தும் அதை மீறிய அறைகளில் என்ன நடந்தது என்பதை வெம்பக்கோட்டை வட்டாரம் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது. எண்ணிக்கை என்பது காகிதத்தில் எழுதும் சம்பிரதாயம் அல்ல. உயிருக்குப் போடுகிற வேலி.

சூரிய உதயம் பார்க்கப் போகிற ஜீப்பில் ஆறு பேர் என்று தலை எண்ண முடிகிறது. வண்டியின் தகுதியைப் பார்க்க முடிகிறது, ஓட்டுநரின் அனுபவத்தைக் கேட்க முடிகிறது, கட்டணத்தை நிர்ணயிக்க முடிகிறது. இவ்வளவையும் செய்யத் தெரிந்த இரண்டு மாநிலங்களுக்கு, ஏலக்காய் எடுக்கப் போகிற ஜீப்பிலும் அதையே செய்வது எட்டாத காரியமல்ல. தோட்ட முதலாளி வண்டிக் கூலியில் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் விடியற்காலையிலும் ஆள் நிற்க வேண்டியிருக்கும். மலையேறக் கற்றுக்கொண்ட வண்டிக்கும் ஓட்டுநருக்கும் அங்கே பஞ்சமே இல்லை. கொழுக்குமலையில் நடைமுறையில் இருக்கிற விதி போடிமெட்டுக்கும் வரட்டும்.